கூழும் கருவாடும் நனிசைவமும்

இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய், தேன் என விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாத முறைக்குத் தமிழில் நனிசைவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வீகன். பெருநகர உணவகங்களில் தொடங்கிய பேச்சு, கைபேசி வழியாகத் திண்டுக்கல் கல்லூரி மாணவர்கள் வரை வந்துவிட்டது. நம் தோழர்களிடம் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. "இது பார்ப்பனியத்தின் புது வேடம், பேசவே வேண்டாம்" என்பது ஒன்று. "சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் நல்லதாம், நாமும் மாறினால் என்ன?" என்பது மற்றொன்று.

இரண்டையும் அவசரப்பட்டு ஏற்க வேண்டியதில்லை. இந்த உணவு முறையின் நன்மை தீமைகளை மருத்துவ அறிவியல் நூறு ஆண்டுகளாக அலசி வந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் முக்கியமான சில பக்கங்கள் நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டவை. திண்டுக்கல் சமவெளியின் உழைக்கும் மக்கள், அதிலும் சேரி மக்கள், என்ன தின்றார்கள், ஏன் தின்றார்கள் என்ற கதையோடு அதைச் சேர்த்துப் படித்தால்தான் நமக்குப் பயன்.

சைவம் சாதியான கதை

தமிழில் காய்கறி உணவுக்கும் ஒரு மதத்துக்கும் ஒரே பெயர். மற்ற எல்லா உணவையும் 'அ' என்ற எழுத்தைப் போட்டு எதிர்மறையாக்கி 'அசைவம்' என்கிறோம். நூற்றுக்கு 98 பேரின் உணவை, இரண்டு பேரின் உணவு 'இல்லை' என்று சொல்லிக் குறிப்பிடுகிற விந்தை இது. எண்ணிக்கை மிகையல்ல. 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சைவ உணவினர் 2.35 விழுக்காடுதான்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. அந்தணராகிய கபிலர், தன் கை ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று கேட்ட சேர மன்னனுக்கு, ஊனும் சோறும் உண்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்று பதில் சொல்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. புலாலை மறுக்கும் அறத்தைத் தமிழகத்தில் வலுவாகப் பரப்பியவர்கள் சமணரும் பௌத்தரும். நம் மாவட்டத்திலேயே பழனிக்கு அருகில் ஐவர்மலை இருக்கிறது. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலக் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. அந்த மலையில் இருந்த துறவிகள் கொல்லாமையைப் பேசினார்கள். எந்த உயிரையும் கொல்லாதே என்பது அவர்களுக்கு எல்லா மனிதருக்குமான அறம். இன்னார் உயர்ந்தவர், இன்னார் தீட்டு என்று பிரிக்கும் அளவுகோலாக அதை அவர்கள் வைக்கவில்லை.

அந்த அளவுகோல் பின்னால் வந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதோர் யார் என்று ஆராயும் நூலில் இதைத்தான் விளக்குகிறார். பௌத்தத்தை வெல்லும் போட்டியில் பார்ப்பனர்கள் இறைச்சியைக் கைவிட்டு, பசுவைப் புனிதமாக்கினார்கள். செத்த மாட்டின் இறைச்சியை உண்டு வாழ்ந்த சிதறுண்ட மக்கள் மீது தீண்டாமை வந்து விழுந்தது. இது அவருடைய வரலாற்று வாதம். உணவு இங்கே சத்துக்கான பொருளாக மட்டும் இருக்கவில்லை, ஒருவரின் இடத்தைக் காட்டும் அடையாளமாகவும் இருந்தது என்பது அந்த வாதத்தின் மையம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்சாதிச் சைவம் ஒருநாளும் நனிசைவமாக இருந்ததில்லை. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் இல்லாமல் அந்தச் சமையல் இல்லை. கோயில் அபிஷேகமும் இல்லை. உடல்நலக் கணக்குக்கு வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகும்.

பஞ்சத்தின் படி

விலங்கு உணவே இல்லாமல், தானியம் மட்டும் தின்று பெருந்திரளான மக்கள் வாழ நேர்ந்த காலம் ஒன்று உண்டு. அது 1876-78 பெரும் பஞ்சம். அப்போது திண்டுக்கல், மதுரை மாவட்டத்தில் ஒரு பகுதி. சென்னை மாகாணத்தில் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். செலவைக் குறைக்க அவர் வகுத்த கூலி, கடும் உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். வேலை செய்கிற உடம்புக்கு இந்த அளவு தானியம் போதாது, புரதத்துக்குப் பருப்பும் கூடவே காய்கறியும் வேண்டும் என்று வாதிட்டார். நிவாரண முகாம்களில் மனிதர்கள் எலும்பும் தோலுமாகிச் செத்தார்கள். தானியத்தை மட்டும் தின்று உடம்பு நிற்காது என்ற பாடம் இந்த மண்ணில் உயிர்களைக் கொடுத்துக் கற்கப்பட்டது. செத்தவர்களில் பெரும்பகுதி நிலமற்ற கூலிகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். தப்பியவர்களில் பலர் கங்காணிகளுக்குப் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

இரண்டு பாடங்கள் இதில் உண்டு. ஒன்று, தாவர உணவு என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. பருப்பும் கீரையும் எண்ணெய் வித்தும் சேர்ந்த தாவர உணவு வேறு, வெறும் தானியம் வேறு. மற்றது, பசியில் இறைச்சி இல்லாமல் இருப்பதை யாரும் அறம் என்று போற்றியதில்லை. அதே தட்டை வசதியுள்ளவர் விரும்பி எடுத்துக்கொண்டால் மட்டும் அது தூய்மை ஆகிறது.

சேரியின் சட்டி

சாதாரண ஆண்டுகளில் எப்படி? சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைச்சரிவுக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளி பெரும்பாலும் மானாவாரி பூமி. கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, குதிரைவாலி, கொள்ளு, நிலக்கடலை. குடகனாற்றுப் பாசனத்திலும் கண்மாய்ப் பாய்ச்சலிலும் நெல். நெல்லை நட்டதும் அறுத்ததும் நம் மக்கள்; நெல்லுச்சோறு அவர்களுக்கு நல்ல நாள் பெரிய நாளில்தான். அன்றாடம் கூழ், களி, பண்ணைக்கீரை, முருங்கைக்கீரை, புளிச்சகீரை, கொள்ளுக் கடையல், வெங்காயம், பச்சைமிளகாய்.

இன்றைய சத்துணவு நிபுணர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் முக்கால்வாசி நனிசைவம் என்பார். பாராட்டவும் செய்வார். நார்ச்சத்து அதிகம், சர்க்கரை மெதுவாக ஏறும், கெட்ட கொழுப்பு இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அதே எடைப் பாலில் 120 தான். கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம், கடலையில் 25 கிராம்.

மீதிக் கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது. கருவாடு. மழை பெய்தால் வயல் நத்தை, நண்டு. கண்மாய் வற்றும்போது கெண்டை, அயிரை. வயல் எலி. மாட்டுக்கறி, வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம். ஆடு அறுத்தால் விலை குறைந்த பாகங்களான குடல், தலை, கால், ஈரல், இரத்தம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் சோகை பிடித்த பெண்ணுக்கும் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள். எந்த உணவைச் சொல்லி ஊர் நம்மை இழிவுபடுத்தியதோ, அந்த உணவுதான் கூழில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த ஒன்றின் பெயர் வைட்டமின் பி12. வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு. இவ்வளவு சிறிய தேவை என்பதால்தான் அவ்வப்போது ஒரு துண்டுக் கருவாடும் ஒரு பிடி ஈரலும் பெரிய வேலை செய்ய முடிந்தது. ஈரலில் இந்தச் சத்து மிக அதிகம். இரத்தம், சுவரொட்டி, சிவப்பு இறைச்சி ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதாக உறிஞ்சும். கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பில் சிறு பகுதிதான் உடலில் சேரும்.

இதை நாம் அழகுபடுத்திச் சொல்லக் கூடாது. செத்த மாட்டை அகற்றுவது விருப்ப வேலையாக இருக்கவில்லை, கட்டாய ஊழியமாக இருந்தது. நோயில் செத்த மாட்டின் இறைச்சியால் அடைப்பான் போன்ற நோய்கள் மனிதருக்கும் தொற்றும். சத்தும் ஆபத்தும் இழிவும் ஒரே சட்டியில் வெந்தன.

குன்னூர், பம்பாய், வேலூர்

1918இல் நீலகிரியின் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து, பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய வெள்ளை அரிசியை மையமாகக் கொண்ட சென்னை மாகாண ஏழையின் உணவில் எலிகள் குன்றின. குறை அரிசி தின்னும் மக்களிடம் இல்லை, அவர்கள் தட்டில் அரிசியோடு வேறெதுவும் சேராததில் இருந்தது.

1928இல் லூசி வில்ஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏன் கடும் இரத்தசோகை வருகிறது என்று தேடினார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. கீரையில் நிறைய உண்டு. இலை என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. இந்தச் சோகைக்குத் தாவர உணவே மருந்து.

ஆனால் அதே மாதிரி இன்னொரு சோகைக்குக் கீரை மருந்தாகவில்லை. 1948இல்தான் அதற்கான பி12 பிரித்தெடுக்கப்பட்டது. இந்தச் சத்தைத் தாவரமும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டாக்குகின்றன. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செய்வதைத்தான் மாட்டின் ஈரலும் பாலும் நமக்குத் தருகின்றன. பிரிட்டனில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் என்ற சொல்லை உருவாக்கிச் சங்கம் கண்டது 1944இல், அதாவது பி12 கண்டுபிடிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால். பத்து ஆண்டுக்குள் அந்த முன்னோடிகளில் சிலருக்கு நாக்குப் புண், கை கால் மரமரப்பு, நரம்புத் தளர்ச்சி வந்ததை மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

நமக்கு மிக நெருக்கமான சான்று வேலூரிலிருந்து வந்தது. 1962இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் லான்செட் இதழில் சில கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சைவ உணவு உண்ட தாய்மாரின் தாய்ப்பாலை மட்டும் குடித்து வளர்ந்த குழந்தைகள் அவர்கள். முதலில் நன்றாக இருந்து, பிறகு சிரிப்பு மறந்து, தலை நிற்பதும் தளர்ந்து, கை நடுங்கி, தோல் கறுத்துப் போனார்கள். பி12 கொடுத்ததும் தேறினார்கள். தாயின் உடலில் இல்லாத சத்து பாலில் வரவில்லை. உலக மருத்துவப் பாடநூல்களில் இடம்பெறும் இந்த நோயின் தொடக்க விவரிப்பு தமிழ்நாட்டுத் தாய்மாரையும் குழந்தைகளையும் வைத்து எழுதப்பட்டது.

அதே வேலூர்க் குழு 1980இல் நேச்சர் இதழில் இன்னொன்றைக் காட்டியது. தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்களே பி12 செய்யக்கூடியவை. விலங்கு உணவு மிகக் குறைவாக உண்டவர்கள் பலர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம். ஆனால் இதை நம்பி யாரும் மாத்திரையை விட முடியாது. பழைய சோற்றில் பி12 பெருகுகிறது என்று பரவும் செய்திகளும் அப்படித்தான். நீராகாரத்தில் பல நன்மைகள் உண்டு, பி12க்கு அதை நம்பக் கூடாது.

ஆட்டுப்பாலும் காந்திகிராமமும்

காந்தி நனிசைவத்தைத் தன் உடம்பிலேயே சோதித்தவர். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலைக் கைவிட்டார். 1918இல் கடும் வயிற்றுப்போக்கில் சாகும் நிலைக்கு வந்தபோது, விரதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே எடுத்தீர்கள் என்று கஸ்தூர்பா வழி காட்ட, ஆட்டுப்பால் குடித்துத் தேறினார். தன் பேச்சைக் கேட்டுப் பாலை விட்டவர்கள், அது எல்லா வகையிலும் நன்மை செய்தாலொழிய அந்தச் சோதனையைத் தொடர வேண்டாம் என்று சுயசரிதையில் எழுதினார். 1942இல் சிறையில் எழுதத் தொடங்கிய உடல்நல நூலில், பால் குடிப்பவர் கருவில்லாத முட்டையை மறுக்கக் காரணமில்லை என்றும் சொன்னார். தன் உடம்பு என்று வரும்போது சான்றைப் பார்த்து மாறத் தயங்காதவர் அவர்.

நம் மக்கள் விஷயத்தில் அறிவுரை வேறாக இருந்தது. 1932இல் தொடங்கிய ஹரிஜன சேவா சங்கமும், 1934இல் தமிழ்நாட்டில் அவர் செய்த சுற்றுப்பயணமும் செத்த மாட்டிறைச்சியையும் மாட்டுக்கறியையும் கைவிடச் சொல்லி நம்மிடம் வந்தன. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதனிடும் தொழிலை மட்டும் மேம்படுத்தித் தொடர வேண்டும் என்றார்கள். கைவிட்ட சத்துக்கு ஈடாக ஆட்டுப்பாலோ முட்டையோ எந்தச் சேரிக்கு வந்தது?

அம்பேத்கரும் 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியை விடச் சொன்னார். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே அறிவுரை. ஆனால் அம்பேத்கர் அதோடு சேர்த்து, வீசியெறியும் எச்சிலை வாங்காதீர்கள், இழிவான ஊழியத்தை விடுங்கள், நிலத்துக்கும் வேலைக்கும் போராடுங்கள் என்றார். மறுநாள் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஒரு தரப்பு நம்மைத் தூய்மையாக்க நினைத்தது, மறுதரப்பு அடிமை நிலையை உடைக்க அழைத்தது.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சின்னாளபட்டியை ஒட்டி, 1947இல் மருத்துவர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்திரம் டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்த மருத்துவர், பின்னாளில் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர். அங்கே வளர்ந்த கஸ்தூர்பா மருத்துவமனையும், 1964இல் உருவான ஊரக சுகாதார நிறுவனமும் இந்தச் சமவெளியின் ஏழைப் பெண்களுக்குப் பிரசவத்தையும் மருத்துவத்தையும் கொண்டுவந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. காந்தியத்தின் உணவு அறிவுரையை விமர்சிக்கும் நாம், அந்தப் பெயரில் எழுந்த மருத்துவமனையின் சேவையை மதிக்கவும் தெரிந்தவர்கள்.

பாலும் தோலும்

நனிசைவர் ஒருவர் கேட்கும் கேள்வியை நாமும் கேட்டுப் பார்க்கலாம். பால் தரும் மாடு கன்று ஈன்றால்தான் பால் தரும். பிறக்கும் காளைக்கன்றும், பால் வற்றிய கிழமாடும் எங்கே போகின்றன? சந்தைக்கும் அங்கிருந்து அறுப்புக்கும், கடைசியில் தோல் பதனிடும் தொட்டிக்கும். நெய் ஊற்றிச் சாப்பிடுபவர் 'தூயவர்', அந்தக் கணக்கின் முடிவில் தோலை உரிப்பவர் 'தீட்டு'. பாலும் மாட்டுக்கறியும் ஒரே தொழிலின் இரு முனைகள் என்பதை நனிசைவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் மேல்சாதிச் சைவத்தைவிட நேர்மையானவர்கள்.

திண்டுக்கல் பழைய தோல் நகரம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய், குரோமியம் வந்தது. கழிவுநீர் கிணறுகளில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் வழக்கில் தந்த தீர்ப்பில் வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கை ஆகியவற்றோடு திண்டுக்கல் மாவட்டமும் இருக்கிறது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிறுத்திய தீர்ப்பு அது. தொட்டியில் இறங்கி நின்றவர்களிலும், கெட்ட கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களிலும் நம் மக்கள் நிறைய. விலங்குப் பொருள் தொழிலின் லாபம் ஓரிடத்திலும் நோய் வேறிடத்திலும் சேர்ந்தது.

ஆனாலும் மாட்டின் பெயரால் அடிவிழும்போது அது பால் பண்ணை முதலாளி மீது விழுவதில்லை. 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். 2017 மே மாதம் அறுப்புக்காகச் சந்தையில் மாடு விற்பதை ஒன்றிய அரசு விதிகள் தடுத்தபோது, அதற்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நம் மாவட்டத்து வழக்குகளைக் கேட்கிற அதே மன்றம். இந்தச் சூழலில் நனிசைவம் பேசுகிறவர், தன் பேச்சு யார் கையில் தடியாகிறது என்று பார்த்துப் பேச வேண்டும்.

நன்மையும் தீமையும்

இனி உடல்நலக் கணக்கை நேராகப் போடுவோம்.

நன்மைகள் உண்மையானவை. பருப்பு, சிறுதானியம், காய்கறி, பழம், கொட்டைகள் நிறைந்த நனிசைவ உணவு கெட்ட கொழுப்பைக் குறைக்கும், எடையைக் குறைக்கும், இரண்டாம் வகை நீரிழிவைக் கட்டுப்படுத்த உதவும். பிரிட்டனில் 48,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், இறைச்சி உண்பவரைவிடச் சைவ, நனிசைவ உணவினருக்கு இதயக் குழாய் நோய் 22 விழுக்காடு குறைவு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்றும், சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. கம்பங்கூழ் போய் ரேஷன் வெள்ளை அரிசியும் புரோட்டாவும் வந்த நம் தெருக்களிலும் அது நுழைந்துவிட்டது.

தீமைகளும் உண்மையானவை. மேலே சொன்ன ஆய்வில் அதே சைவ, நனிசைவ உணவினருக்குப் பக்கவாதம் 20 விழுக்காடு அதிகம். அந்த ஆய்வுத் திட்டமே 2020இல் வெளியிட்ட முடிவில், நனிசைவருக்கு எலும்பு முறிவு 43 விழுக்காடு அதிகம், இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கு மேல். பி12 குறைபாடு மெதுவாக வரும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் எதுவும் தெரியாது. கீரை நிறையத் தின்பவருக்கு ஃபோலிக் அமிலம் சோகையை மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சின்னக் குழந்தைக்கும் ஆபத்து மிக அதிகம்.

'நனிசைவம்' என்ற முத்திரையே நலம் தராது. சர்க்கரைக் குளிர்பானமும் எண்ணெயில் பொரித்த சிப்ஸும் வெள்ளைச் சோறும் நனிசைவம்தான். 'அசைவம்' என்ற முத்திரையும் அப்படியே. 98 விழுக்காடு அசைவரான தமிழ்நாட்டில், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும், ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும் இரத்தசோகை. பெயருக்கு அசைவம், வாரத்தில் ஆறு நாள் சோறும் ரசமும். ஞாயிற்றுக்கிழமைக் கறியிலும் நல்ல துண்டு ஆண்களுக்கு. பெண்ணின் தட்டில் எலும்பும் குழம்பும்.

ஆகவே சொந்த முடிவாக நனிசைவத்துக்கு மாறும் தோழர்களைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. அமெரிக்கக் கறுப்பின விடுதலைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் நனிசைவர்தான். பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் இறைச்சியை விட்டவர்தான். அப்படி மாறுபவர் சிலவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும். மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை கட்டாயம் எடுக்க வேண்டும். இதில் விவாதமே இல்லை. தினமும் பருப்பு, கொள்ளு, கடலை, சோயா இவற்றில் ஏதாவது வேண்டும். சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. இரும்பு சேர, சாப்பாட்டோடு எலுமிச்சை அல்லது நெல்லி. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அயோடின் உப்பும் வெயிலும் வேண்டும். கர்ப்ப காலத்தில் மருத்துவக் கண்காணிப்பில்லாமல் இதில் இறங்கக் கூடாது.

முட்டைக்காக நிற்பது

சொந்த முடிவு வேறு, அடுத்தவர் குழந்தையின் தட்டில் முடிவு செய்வது வேறு. 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்க மறுத்தார். 2021இல் கர்நாடகப் பள்ளிகளில் முட்டை வந்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. வேண்டாதவருக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் அரை மைக்ரோகிராம் பி12உம் இருக்கின்றன. வீட்டில் அந்த வாரம் கறியோ மீனோ எடுக்க முடியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரியது என்பதை மேலே உள்ள வேலூர்க் குழந்தைகள் சொல்வார்கள்.

ரேஷன் கடையின் செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்க்கிறார்கள். கிலோவுக்கு பி12 ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். நாளுக்கு 400 கிராம் அரிசி சமைத்தாலும் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். அரிசியில் கலந்துவிட்டோம், முட்டை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நம் மாணவர் வட்டங்கள் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. உங்கள் ஊர் அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் முட்டை சரியாக வருகிறதா, உடைந்ததும் அழுகியதும் கழிகிறதா என்று பாருங்கள். விடுதி உணவுப் பட்டியலில் பருப்பின் அளவைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறதா, பி12 சோதனை வேண்டியவருக்கு எங்கே செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். ரேஷனில் கேழ்வரகும் கம்பும் வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து, நத்தை எப்போது பிடித்தார்கள், உப்புக்கண்டம் எப்படிப் போட்டார்கள், சுவரொட்டி யாருக்குக் கொடுத்தார்கள், எந்த உணவை ஊருக்குத் தெரியாமல் ஒளித்துச் சமைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே, சமைத்த அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். இந்த வாரம் அவர்கள் தட்டில் என்ன விழுந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.